ஒரு சேவையகம், பல பெயர்கள்

(சங்கத்தின் இளைஞர் கணினிப் பயிற்சி நிறைவு நாளில் ஆற்றிய உரை)



நமக்கு இன்று அளிக்கப்பட்டிருக்கும் பொருள் கேட்பதற்குச் சற்றுக் கரடுமுரடானது. பல இணையப் பெயர்களைக் கொண்ட ஒரு நிறுவனம், உலாவி வழியே மடல்களைப் படிக்கும் வெப்மெயில் என்னும் ஏற்பாட்டைத் தன் அஞ்சல் சேவையகத்தோடு பாதுகாப்பாகப் பிணைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். பி.ஏ. வரலாறு படித்து, பி.எட். முடித்து, பல்லாண்டுகளாகச் சுண்ணக்கட்டியோடு உறவாடி வரும் ஒருவருக்கு இதில் என்ன தகுதி என்று முன்வரிசைப் பெரியவர்கள் எண்ணக்கூடும், எண்ணுவது முறையே. நம் தகுதி ஒன்றுதான். தலைமையாசிரியர் என்பவர் நாள்தோறும் சான்றிதழ்களைப் பார்ப்பவர். மின்னஞ்சல் பாதுகாப்பில் முக்கால் பங்கு சான்றிதழ் பார்க்கும் வேலையே என்பது, நம் பழைய மாணவர் சிலரோடு மாலை நேரங்களில் அமர்ந்து கற்றபோது நமக்குத் தெளிவாயிற்று. எஞ்சிய கால் பங்கை அவர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதனால் நம் பிள்ளைகளுக்கு ஆவது என்ன என்பதை முதலிற் பார்ப்போம். நம்முடையதைப் போன்ற ஒரு கல்விச் சங்கத்தின் அஞ்சல் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? உதவித்தொகைக்கு எழுதிய மாணவியின் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், தந்தையை இழந்த பிள்ளையாயின் இறப்புச் சான்று, "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று தொடங்கும் விடுதிக் கடிதம் ஆகிய அனைத்தும் இருக்கும். முன்பு இவை பழுப்பு உறைகளில் வந்து அலுவலக பீரோவில் பூட்டப்பட்டன. பீரோவின் சாவி செயலாளரிடம் இருந்தது. இன்று அதே தாள்கள் ஒரு கடவுச்சொல்லின் பின்னால் இருக்கின்றன. அந்தக் கடவுச்சொல் எவ்வழியே பயணம் செய்கின்றது, வழியில் யார் கையில் சிக்கக்கூடும் என்பதை அறிந்தவர் சங்கம் ஒன்றில் இருவரேனும் இருத்தல் வேண்டும்.

நாம் சிறுவராயிருந்த நாளில், ஊருக்கு வரும் அஞ்சலட்டையைத் தபால்காரரே திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டுவார். படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. பட்டணத்திற்குப் பிழைக்கப் போன மகன் எவ்வளவு பணம் அனுப்புகிறான், எப்போது வருகிறான், அவனுக்கு என்ன நோய் என்பதெல்லாம் வீட்டுக்கும் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தெரியவரும். உறையிட்ட கடிதத்தைத் தானே பிரித்துத் தானே படிப்பது எழுத்தறிவோடு நம்மிடம் வந்து சேர்ந்த உரிமை. மின்னஞ்சலோ, பிறக்கும்போதே அஞ்சலட்டையாகத்தான் பிறந்தது.

1971-இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தார். மடலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. விதிகளை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். பெட்டியிலுள்ள மடல்களைத் தொலைவிலிருந்து படிக்கும் ஐமேப் முறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வகுத்தார். இவற்றுள் எதற்கும் தொடக்கத்தில் பூட்டு இல்லை. அன்று இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பூட்டு பின்னால் வந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்னும் மறையாக்க முறையை வெளியிட்டது. 1999-இல் அது டி.எல்.எஸ். என்று பெயர் மாறிற்று. 2018-இல் அதன் 1.3-ஆம் பதிப்பு வந்தது, 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. ஆகவே புதிய சேவையகம் அமைப்போர் 1.2-க்குக் குறைந்த எதையும் ஏற்க வேண்டியதில்லை.

சேவையகம் என்று நாம் எழுதுவதைப் பிள்ளைகள் சர்வர் என்றே சொல்லுகின்றனர். உணவு விடுதியில் பரிமாறுபவரையும் சர்வர் என்றுதானே அழைக்கின்றோம்; இரண்டிற்கும் பொருள் ஒன்றே, கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பவர்.

வெப்மெயிலில் ஒரு மடல் எத்தனை கட்டங்களைக் கடக்கின்றது என்பதை மனத்தில் இருத்துங்கள். உலாவியிலிருந்து வெப்மெயில் வரை ஒரு கட்டம். வெப்மெயிலிலிருந்து ஐமேப் சேவையகம் வரை, அதாவது வந்த மடலைப் படிக்க, இரண்டாவது கட்டம். வெப்மெயிலிலிருந்து எஸ்.எம்.டி.பி. சேவையகம் வரை, அதாவது எழுதிய மடலை ஒப்படைக்க, மூன்றாவது. நம் சேவையகத்திலிருந்து பிறர் சேவையகத்திற்கு நான்காவது. உலாவியின் முகவரிப் பட்டையில் பாதுகாப்பு இணைப்பு என்று காட்டப்படுவது முதற்கட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றது. ஏனைய மூன்றையும் அது அறியாது. பயனாளர் அதனைக் கண்டு மனநிறைவோடு கடவுச்சொல்லை இடுகின்றார். வெப்மெயில் அதே கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் வேறொரு கதவைத் தட்டுகின்றது. அந்தக் கதவு யாருடையது என்று யார் பார்த்தார்? அமைத்தவர்தான் பார்த்திருக்க வேண்டும். நம் பேச்சு முழுவதும் அந்த இரண்டாவது, மூன்றாவது கட்டங்களைப் பற்றியதே.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் சேர ஒரு பையன் மாற்றுச் சான்றிதழோடு வருகின்றான். நாம் பார்ப்பவை மூன்று. அதிலுள்ள பெயர் இவன் பெயரா? கொடுத்த பள்ளி நாம் அறிந்த, ஏற்புடைய பள்ளியா? நாள் சரியா? டி.எல்.எஸ். இணைப்பிலும் இவையே மூன்று. சேவையகம் நீட்டும் சான்றிதழில் நாம் அழைத்த பெயர் இருக்கின்றதா, நம்பத்தக்க சான்றளிப்பு நிறுவனம் ஒப்பமிட்டதா, காலம் கடந்ததா என்பவை. இவற்றுள் பலர் சறுக்குவது பெயரில்தான். ஏனெனில், பெயர் பொருந்தாத சான்றிதழ் போலிச் சான்றிதழன்று. அண்ணனுடைய சான்றிதழைத் தம்பி எடுத்துக்கொண்டு வந்தால், அதிலுள்ள முத்திரை உண்மை, கையொப்பம் உண்மை, நாள் உண்மை. ஆயினும் அது இவனுடையதன்று. அதை வைத்து இவனைச் சேர்க்க முடியாது.

ஒரு நிறுவனத்திற்கு ஒரே பெயர் இருந்தால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஒரு சங்கம் பள்ளிக்கு ஒரு டொமைன், விடுதிக்கு ஒன்று, முன்னாள் மாணவர் மன்றத்திற்கு ஒன்று என்று மூன்று பெயர்களைப் பதிந்து, மூன்றையும் ஒரே வாடகைச் சேவையகத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். சான்றிதழ் பள்ளியின் பெயருக்கு மட்டும் வாங்கப்பட்டது. விடுதிப் பெயரில் வெப்மெயில் அழைக்கின்றது. சேவையகம் பள்ளியின் சான்றிதழை நீட்டுகின்றது. வெப்மெயில் 'பெயர் பொருந்தவில்லை' என்று கதவை அடைத்துவிடுகின்றது. விடுதிக் காப்பாளர் தொலைபேசியில் கூப்பிடுகின்றார். அமைத்த தம்பி பதற்றத்தோடு விடை தேடுகின்றான். அப்போது அவனுக்கு எளிதில் கிடைக்கும் விடை எது தெரியுமா? சரிபார்ப்பதையே நிறுத்திவிடு என்பது.

இதன் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. ரவுண்ட்கியூப் என்னும் கட்டற்ற வெப்மெயில் மென்பொருளை 2005-இல் தாமஸ் புரூடர்லி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் தொடங்கினார். அது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. 2014 ஆகஸ்டில் வெளிவந்த பி.எச்.பி. 5.6 பதிப்பிற்கு முன்னர், அந்த மொழி தான் இணையும் சேவையகத்தின் சான்றிதழை யாரும் கேட்டுக்கொள்ளாத வரை சரிபார்ப்பதில்லை. 5.6 முதல் சரிபார்ப்பே இயல்பு நிலையாயிற்று. அதுவரை தவறான பெயரோடும் ஓடிக்கொண்டிருந்த வெப்மெயில்கள் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் நின்றன. உண்மையில் புதிய பதிப்பு எதையும் கெடுக்கவில்லை. முன்பே கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. ஆயின் பலரும் செய்தது, ரவுண்ட்கியூபின் அமைப்புக் கோப்பில் 'வெரிஃபை பியர்' என்னும் வரிக்கு எதிரே 'ஃபால்ஸ்' என்று எழுதியதுதான். உடனே எல்லாம் ஓடின. அவ்வாறு எழுதச் சொல்லும் குறிப்புகள் இன்றும் பரவிக் கிடக்கின்றன. பள்ளிச் சேர்க்கையில் சான்றிதழே பார்க்க வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டால் வரிசை விரைவாக நகரத்தான் செய்யும்!

சரிபார்ப்பை நிறுத்தினாலும் மறையாக்கம் இருக்கின்றதே, பூட்டு இருக்கின்றதே என்று கேட்கலாம். பூட்டு இருக்கின்றது, ஆனால் யாரோடு சேர்ந்து பூட்டிக்கொண்டோம் என்பது தெரியாது. வெப்மெயில் ஒரு கணினியிலும் அஞ்சல் சேவையகம் வேறொரு கணினியிலும் இருந்து, இடையில் ஒருவன் பெயர்-முகவரி ஏட்டைத் திரித்து வெப்மெயிலைத் தன் கணினிக்குத் திருப்பிவிட்டால், அவன் தானே செய்துகொண்ட ஒரு சான்றிதழை நீட்டுவான். சரிபார்ப்பு இல்லாத வெப்மெயில் அதனை ஏற்று, அவனோடு மிகப் பத்திரமாக மறையாக்கம் செய்துகொண்டு, அன்று உள்நுழையும் ஒவ்வொருவரின் கடவுச்சொல்லையும் அவனிடம் கொடுக்கும். வேறெவருக்கும் அது கேட்காது, அதுவரை உண்மை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்திற்குள் ஊடுருவியவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினார்கள். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் இருந்தது. அதனைக் கொண்டு, பெரும்பாலும் ஈரான் நாட்டிலிருந்து ஜிமெயில் முதலிய சேவைகளைப் பயன்படுத்தியோரின் இணைப்புகள் இடைமறிக்கப்பட்டன. ஏறக்குறைய 3,00,000 இணைய முகவரிகள் அதில் சிக்கியதாக ஆய்ந்தவர்கள் கணித்தனர். அந்நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் திவாலாயிற்று. ஈரானில் சிக்கியவர்களின் உலாவிகள் சரிபார்த்தன. சரிபார்த்தும், மேலே ஒப்பமிட்டவன் வீழ்ந்ததால் ஏமாந்தன. அந்தப் பொய்ச் சான்றிதழைச் செய்ய ஒரு நிறுவனத்தையே உடைக்க வேண்டியிருந்தது. சரிபார்ப்பை நாமே நிறுத்தினால் யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

ஆகவே தம்பி தங்கையரே, பெயர்ச் சிக்கலைத் தீர்ப்பதற்கு நேரான வழிகளைச் சொல்லுகின்றோம். நாம் பரிந்துரைப்பது எளியதையே. எத்தனை டொமைன் இருந்தாலும் சேவையகத்திற்கு ஒரே பெயர் வையுங்கள். பள்ளி டொமைனின் கீழ் 'மெயில்' என்று தொடங்கும் ஒரு பெயர் இருக்கட்டும். மூன்று டொமைன்களின் எம்.எக்ஸ். பதிவும், அதாவது இவர்களுக்கு வரும் அஞ்சலை இங்கே கொடு என்று ஊருக்கு அறிவிக்கும் பதிவும், அந்த ஒரே பெயரைச் சுட்டட்டும். வெப்மெயிலின் அமைப்பிலும் அந்தப் பெயரே இருக்கட்டும். சான்றிதழ் ஒன்று, பெயர் ஒன்று. விடுதிக் காப்பாளர் தம் விடுதி முகவரியைக் கொண்டே உள்நுழைவார். அவருடைய மடலில் விடுதியின் பெயரே இருக்கும். தெருவில் எத்தனை வீடு இருந்தாலும் அஞ்சலகம் ஒன்றுதானே! ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனி 'மெயில்' பெயர் வேண்டும் என்று எண்ணுவது பெரும்பாலும் அழகுணர்ச்சியே அன்றித் தேவையன்று.

அவ்வாறே வேண்டும் என்று உறுப்பினர் வற்புறுத்தினால் அதற்கும் வழி உண்டு. ஒரே சான்றிதழில் பல பெயர்களை எழுதி வாங்கலாம். மூன்று பெயருக்கு இது போதும். பெயர்கள் பெருகினாலோ, ஒரு டொமைனின் உரிமையாளர் மற்றவரோடு ஒரே தாளில் இருக்க விரும்பாவிட்டாலோ, எஸ்.என்.ஐ. என்னும் முறை இருக்கின்றது. ஒரே வாசலில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். வந்தவர் வாசலிலேயே "இன்னாரைப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால்தான் உரியவர் வெளியே வருவார். அதுபோல், இணைப்பவர் தாம் நாடும் பெயரை முதற்சொல்லிலேயே சொல்ல, சேவையகம் அதற்குரிய சான்றிதழைத் தேர்ந்து நீட்டும். இவ்வழி 2003-இலேயே விதியாக எழுதப்பட்டது. ஐமேப் பக்கத்தில், பின்லாந்தின் டிமோ சிரைனென் 2002-இல் வெளியிட்ட டவ்காட் மென்பொருள், 'லோக்கல் நேம்' என்னும் பகுதியின் வழியே இதனைச் செய்கின்றது. மடல் அனுப்பும் பக்கத்தில், வீட்சே வெனெமா உருவாக்கிய போஸ்ட்ஃபிக்ஸ் 2019-இல் வந்த 3.4-ஆம் பதிப்பிலிருந்துதான் இதனைச் செய்யலாயிற்று. ஐமேப் சரியாகப் பேசி, அனுப்பும்போது மட்டும் பெயர்ப் பிழை வந்தால், முதலில் அந்தப் பதிப்பெண்ணைப் பாருங்கள். டவ்காட் 2.4 பதிப்பு 2025-இல் வந்தபோது பல வரிகளின் பெயர்கள் மாறிவிட்டன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நூலிலுள்ள வரிகளை அப்படியே எழுதினால் ஓடாது.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. டொமைன்கள் வெவ்வேறு சேவையகங்களில் இருக்க, வெப்மெயில் மட்டும் பொதுவாக இருப்பது. ரவுண்ட்கியூபில் 'ஐமேப் ஹோஸ்ட்' என்னும் வரியில் சேவையகங்களை அட்டவணையாக எழுதினால், உள்நுழைவோர் தம்முடையதைத் தெரிவு செய்துகொள்வர். பயனாளர் தட்டும் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னுள்ள பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும் குறியீடும் இருக்கின்றது. அதனை நாம் விரும்புவதில்லை. யாரோ ஒருவன் தன் டொமைனைத் தட்டினால், நம் வெப்மெயில் அவன் சொன்ன இடத்திற்கெல்லாம் ஓடும். அந்த வரியை வெறுமையாக விடுவது அதனினும் தீது. அப்போது உள்நுழையும் பக்கத்தில் சேவையகத்தின் பெயரை எழுதப் பெட்டியே தோன்றும், யாரும் எதையும் எழுதலாம். அட்டவணை எழுதுவது பத்து நிமிட வேலை. அதனையே செய்யுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் வெப்மெயிலில் சேவையகப் பெயரை மாற்றுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ரவுண்ட்கியூப் ஒவ்வொரு பயனாளரையும் அவர் சேர்ந்த சேவையகத்தின் பெயரோடு சேர்த்தே தன் தரவுத்தளத்தில் பதிந்து வைக்கின்றது. பெயரை மட்டும் மாற்றினால், பழைய பயனாளர் அனைவரும் புதியவராகத் தோன்றுவர். முகவரிப் புத்தகமும் அமைப்புகளும் காணாமற் போனதாகக் கூக்குரல் எழும். மடல்கள் இருக்கும். பயனாளர் அட்டவணையில் 'மெயில் ஹோஸ்ட்' என்னும் நிரலையும் உடன் மாற்றினால் யாவும் திரும்பும். இதனை மாலையில் செய்யுங்கள். பட்டியல் அனுப்பும் கடைசி நாளன்று செய்யாதீர்கள்.

வெப்மெயிலும் அஞ்சல் சேவையகமும் ஒரே கணினியில் இருந்தால் என்ன செய்வது? ஒரே அறையில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குத் தாள் கொடுக்க உறை எதற்கு? 127.0.0.1 என்னும் உள்முகவரியில் 143-ஆம் வாயிலுக்கு மறையாக்கமின்றி இணைக்கலாம்; டவ்காட் அத்தகைய உள் இணைப்பைப் பாதுகாப்பானதாகவே கொள்ளும். பிழை நேர்வது, 'லோக்கல் ஹோஸ்ட்' என்று எழுதிவிட்டு அதன் முன் எஸ்.எஸ்.எல். என்றும் சேர்க்கும்போதுதான். சான்றிதழில் 'லோக்கல் ஹோஸ்ட்' என்ற பெயர் எங்ஙனம் இருக்கும்? மடல் ஒப்படைக்கும் பக்கத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் மறையாக்கமின்றிக் கடவுச்சொல்லைக் கேட்காதவாறு அமைக்கப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். அப்போது சேவையகத்தின் உண்மைப் பெயரையே எழுதுங்கள். அல்லது இணைப்பு விருப்பங்களில் 'பியர் நேம்' என்னும் வரியில் உண்மைப் பெயரைக் கொடுங்கள். உள்முகவரிக்கு அழைத்தாலும், சான்றிதழில் அந்தப் பெயரைத் தேடு என்று அது சொல்லும். சரிபார்ப்பு நின்றுவிடாமல் பெயர் மட்டும் நேராகும். 'ஃபால்ஸ்' எழுத வந்த கைகள் பல இந்த ஒரு வரியை அறிந்திருந்தால் நின்றிருக்கும்.

வாயில்களைப் பற்றி. போர்ட் என்பதை வாயில் என்கின்றோம். ஐமேப்பிற்கு 993, மடல் ஒப்படைக்க 465. இவை இரண்டும் முதற்சொல்லிலிருந்தே பூட்டிய வாயில்கள். 143-உம் 587-உம் வெளிப்படையாகப் பேச்சைத் தொடங்கி, 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' என்று சொல்லிப் பின்னர் பூட்டிக்கொள்பவை. அந்தச் சொல்லை இடையில் இருப்பவன் அழித்துவிட்டால், இரு பக்கத்தாரும் மற்றவருக்குப் பூட்டுத் தெரியாது என்று எண்ணி வெளிப்படையாகவே பேசிவிடுவர். சேவையகத்திற்கும் சேவையகத்திற்கும் இடையில் இது பெருமளவில் நடந்ததுண்டு: 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டுனீசியாவிலிருந்து ஜிமெயிலுக்குச் சென்ற மடல்களில் 96 விழுக்காட்டிற்கு மேல் இவ்வாறு பூட்டிழந்து சென்றது கண்டறியப்பட்டது. 2021-இல் செருமானிய ஆய்வாளர்கள் இந்த முறையைக் கையாளும் அஞ்சல் மென்பொருள்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓட்டைகளை எடுத்துக் காட்டினர். 2018 சனவரியில் வந்த விதிக்குறிப்பே, படிப்போரும் அனுப்புவோரும் 993, 465 ஆகியவற்றையே நாட வேண்டும் என்று அறிவுறுத்திவிட்டது. 25-ஆம் வாயில் ஊருக்குப் பொது; அங்கு மட்டும் பூட்டைக் கட்டாயம் என்று எழுதாதீர்கள், சில ஊர்களின் அஞ்சல் வராமற் போகும்.

பெயர் வைத்தவர்கள் நமக்கு ஒரு குழப்பத்தையும் விட்டுச் சென்றிருக்கின்றனர். ரவுண்ட்கியூபில் முகவரிக்கு முன் எஸ்.எஸ்.எல். என்று எழுதினால் தொடக்கம் முதலே பூட்டு; டி.எல்.எஸ். என்று எழுதினால் பாதியில் பூட்டும் முறை. பெயரைப் பார்த்துப் புதியது சிறந்தது என்று எண்ணி, 993-க்கு முன் டி.எல்.எஸ். என்று எழுதியவர் இணைப்புக் கிடைக்காமல் மணிக்கணக்கில் விழித்திருக்க வேண்டிவரும். எஸ்.எஸ்.எல். என்று எழுதினாலும் உள்ளே பேசப்படுவது டி.எல்.எஸ்.தான். மேலும், 2022-இல் வந்த 1.6 பதிப்பு முதல் வாயில் எண்ணும் சேவையகப் பெயரோடு ஒரே வரியில் எழுதப்படுகின்றது.

அமைத்தபின் சோதிக்க வேண்டும். ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் கருவியின் 'எஸ் கிளையண்ட்' கட்டளையால் 993-ஐ அழைத்துப் பார்ப்பது வழக்கம். அது இறுதியில் 'ஓகே' என்று சொன்னால் பலர் எழுந்துவிடுகின்றனர். ஒப்பமும் காலமும் சரி என்பதே அதன் பொருள். பெயர் பொருந்துகின்றதா என்று அந்தக் கருவி கேட்காமல் பார்ப்பதில்லை. 'வெரிஃபை ஹோஸ்ட்நேம்' என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரையும் கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்று டொமைனுக்கும் தனித்தனியே கேளுங்கள். அப்போது இன்னொரு பிழையும் வெளிப்படலாம். சேவையகம் தன் சான்றிதழை மட்டும் கொடுத்து, அதற்கு ஒப்பமிட்ட இடைநிலை நிறுவனத்தின் சான்றிதழைக் கொடுக்காமல் விட்டிருக்கும். உலாவிகள் பல இதனைத் தாமே தேடி நிரப்பிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, பி.எச்.பி. அவ்வாறு நிரப்பாது. 'ஃபுல் செயின்' என்னும் கோப்பை அமைப்பில் எழுதினால் தீரும்.

சான்றிதழுக்குப் பணம் வேண்டுமா என்று செயலாளர் கேட்டார். வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு இலவசமாகத் தருகின்றது. அது தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட காலம் 90 நாட்கள். எல்லாச் சான்றளிப்பு நிறுவனங்களுக்குமான உச்ச காலத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சு 15 முதல் 47 நாட்களாக்குவது என்று 2025 ஏப்ரலில் முடிவாயிற்று. காலம் முடிவதை நினைவூட்டி எழுதிவந்த மடல்களையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 சூனில் நிறுத்திவிட்டது. ஆகவே கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது. கணினியே குறித்த நாளில் புதுப்பிக்குமாறு எழுதி வைக்க வேண்டும். புதிய சான்றிதழ் வட்டில் வந்து அமர்ந்தாலும், டவ்காட் மறுபடி ஏற்றச் சொல்லும் வரை பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்தவுடன் அதற்குச் செய்தி சொல்லும் ஒரு வரியையும் சேருங்கள். இல்லையேல் ஒரு நாள் காலை கோப்பில் பார்த்தால் சான்றிதழ் புதிது, வாசலில் பார்த்தால் பழையது.

மடலின் உண்மையை நிலைநாட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் ஆகிய பதிவுகள் தனி வகுப்புக்குரியவை. ஒவ்வொரு டொமைனுக்கும் அவை தனியே வேண்டும் என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கின்றோம்.

சொந்தமாகச் சேவையகம் வைப்பது அவசியமா என்று ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. மாதம் முப்பது மடல் வரும் சிறு அமைப்பிற்கு அவசியமில்லை என்பதே நம் கருத்து. வைத்தால் அதனைப் பேண வேண்டும். 2025 சூன் முதல் நாளில் ரவுண்ட்கியூப் ஒரு பெரிய ஓட்டையை அடைத்து 1.6.11 பதிப்பை வெளியிட்டது. அந்த ஓட்டை பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளே இருந்திருக்கின்றது. உள்நுழையும் உரிமை பெற்ற எவரும் அதன் வழியே சேவையகத்தையே கைப்பற்றியிருக்கலாம். அத்தகைய செய்தி வந்த அன்றே புதுப்பிக்க ஆள் இல்லையெனில், வாடகைச் சேவையே மேல். ஆயின் வாடகைக்கு எடுத்தாலும் சான்றிதழைப் பார்க்கும் கண் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறொன்றும் சொல்வோம்: சரிபார்ப்பை நிறுத்தத் தெரிந்தவர் நூறு பேர் வரும் நேர்காணலில், அது ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர் தனியே தெரிவார்.

இறுதியாக, கணினிக்கு வெளியே உள்ள ஒரு செய்தி. சான்றிதழ் பெயரைத்தான் மெய்ப்பிக்கின்றது. அந்தப் பெயரை இன்று வைத்திருப்பவர் நல்லவரா என்பதை அது அறியாது. டொமைன் பதிவுக் கட்டணத்தைக் கட்டத் தவறி, விடுதியின் பெயர் காலாவதியாகி, வேறொருவர் அதனை வாங்கிக்கொண்டால், மறுநாளே அவருக்கு அப்பெயரில் முறையான சான்றிதழ் கிடைக்கும். நம் மாணவர் அனுப்பும் சான்று நகல்கள் யாவும் எந்தப் பிழைச்செய்தியும் இன்றி அவருடைய பெட்டியில் சேரும். அவ்விடத்தில் எந்தச் சரிபார்ப்பும் நமக்கு உதவாது. ஆதலின் எந்த டொமைன் யாரிடம் பதியப்பட்டது, எந்நாளில் முடிகின்றது, கணக்கின் கடவுச்சொல் எந்த உறையில் இருக்கின்றது என்பதைச் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அது இருக்குமிடத்தை இருவராவது அறிந்திருக்க வேண்டும். முடிவு நாட்களைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறிக்குமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

செய்முறை பக்கத்து அறையில் இப்போது தொடங்குகின்றது. மடிக்கணினி கொண்டுவந்தோர் முன்வரிசையில் அமர்க. ஏனையோர் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்க.